சத்தம் போடாத சாரதி

பஸ்களுக்கு நேரமும் முறையும் கொடுக்க டைம் கீப்பர் கூண்டுக்குள் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கு ஒரு நல்ல செய்தி சொல்லித் தொடங்குகிறேன். இந்தப் புத்தளம் பஸ் நிலையத்தில் இனி என்ன நடந்தாலும் அது உங்கள் பிழைதான். மழை பெய்து பயணிகள் வராவிட்டால் உங்கள் பிழை. பாலாவியில் லொறி புரண்டு பாதை அடைபட்டால் உங்கள் பிழை. கற்பிட்டியில் இறங்கவேண்டிய மனிதர் நித்திரையாகிப் போய் வந்த பஸ்சிலேயே திரும்பி வந்தாலும் அவர் முதலில் தேடுவது டைம் கீப்பரைத்தான். இதை முதல் நாளே ஏற்றுக்கொண்டால் இந்த வேலையின் மன அழுத்தத்தில் பாதி குறையும். மற்றப் பாதியைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன்.

இங்கே ஏச்சு கைமாறி வருகிற விதத்தை நீங்கள் சீக்கிரம் கண்டுகொள்வீர்கள். பஸ் முதலாளி சாரதியை ஏசுவார். சாரதி நடத்துனரை ஏசுவார். நடத்துனர் பயணியை. பயணி இறங்கி வந்து உங்களை. உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை, சுவர் மட்டும்தான். நான் சில நாள் அந்தச் சுவரையும் ஏசியிருக்கிறேன். நல்ல சுவர், ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளாது.

மாம்புரியிலிருந்து மரக்கறி மூட்டையோடு வருகிற ஓர் அக்கா ஒருநாள் கூண்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களை நேரம் பாக்க வச்சிருக்காங்க. நேரம் உங்களைப் பாத்துச் சிரிக்குது." இப்படிப்பட்ட கதைகள்தான் எனக்கு இந்த வேலையில் கிடைத்த மேலதிக சம்பளம். உடப்பிலிருந்து அரைகுறைப் படிப்போடு வந்தவன் நான். படித்ததெல்லாம் இந்த நிலையத்தில் நிற்கிற ஆட்களின் வாயிலிருந்துதான்.

சத்தம் போடுகிற சாரதிகளுக்குப் பயப்படாதீர்கள். எங்கள் அந்தோணியைப் பாருங்கள். அவன் வாயைத் திறந்தால் கூரையில் இருக்கிற காகமெல்லாம் எழும்பும். தன் முறைக்கு முன்னால் இன்னொரு பஸ் அசைந்தால் என் பரம்பரையைத் தோண்டி எடுத்துக் கழுவி வெயிலில் காயப் போடுவான். ஏசி முடிந்ததும் அதே மூச்சில், "அண்ணன் சாப்பிட்டாச்சா?" என்பான். அவனுக்குள் எதுவும் தங்காது. தங்குவதெல்லாம் எனக்குள்தான்.

நான் உங்களுக்குச் சொல்ல வருவது நவாசைப் பற்றி. தில்லையடிக்காரர். முந்தி அந்தோணிக்கும் அவருக்கும்தான் போட்டி, யாருடைய வாய் பெரிது என்று. பஸ்சை எடுக்க முன்னர் கூண்டுக்கு வந்து, "டைம் அண்ணன், உங்கட மணிக்கூடு டுபாய் நேரமா காட்டுது?" என்று கேட்காமல் போகமாட்டார். வெளிக்கிடும்போது ஹோர்னில் ஒரு பாட்டே வாசிப்பார். தேத்தண்ணிக் கடையில் கோப்பை கழுவுகிறவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மத்தியானம் ஆகிவிட்டது என்று அடுப்பைக் குறைப்பார்.

அந்த நவாஸ் சில மாதத்தில் மெல்ல மெல்ல அடங்கிப் போனார். ஹோர்ன் நின்றது. டுபாய் நேரம் நின்றது. முறை முந்தினாலும் பிந்தினாலும் ஒரு தலையாட்டல்தான். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நாள் முழுக்க ஏச்சுக் கேட்கிற ஆட்களுக்கு ஒருவன் வாய் மூடினால் போதும், அவன் ஞானியாகிவிடுவான். பள்ளிவாசலில் ஏதோ நல்ல பயான் பிரசங்கம் கேட்டிருக்கிறார் என்றார் ஒருவர். மனுசி திருத்திவிட்டாள் என்றார் இன்னொருவர். அவருடைய முதலாளி சிலாபத்தில் இருந்துகொண்டு போனில் பஸ்சைப் பார்க்கிறவர். பஸ்சில் ட்ராக்கர் பூட்டியிருந்தார். போனில் ஒரு சிவப்புப் புள்ளி ஓடும். புள்ளி நின்றால் உடனே சாரதிக்கு அழைப்பு. அவரும் சொன்னார், நவாசின் புள்ளியைப்போல ஒழுங்கான புள்ளி வேறு இல்லை என்று.

இந்த நேரத்தில்தான் எங்கள் சங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. சாரதி நடத்துனர்களுக்கு மன அழுத்தம் கூடிவிட்டது, அதனால் ஒரு வகுப்பு வைப்போம் என்று. ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். ஓட்டத்தை விட்டுவிட்டு வரவேண்டும், வராதவருக்கு அடுத்த கிழமை முறை பின்னுக்குப் போகும் என்றார்கள். மன அழுத்தம் இல்லாதவர்களுக்கும் அன்று காலையிலேயே அது வந்துசேர்ந்தது.

வகுப்பு எடுக்க வந்தவர் ஓர் இளம் உளவளத்துணையாளர். எல்லோரும் "மிஸ்" என்றோம். கண்ணை மூடி மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னார். இரண்டாவது மூச்சிலேயே பாதிச் சாரதிகள் குறட்டை. சங்கத் தலைவர் பெருமையோடு, "பாத்தீங்களா மிஸ், என்ன வேகமா அமைதியாகிட்டாங்க" என்றார். மிஸ் சிரித்துக்கொண்டே, "இது அமைதி இல்ல ஐயா, நித்திரை காணாது. இவங்களுக்கு லீவு குடுக்கிறதில்லையா?" என்று கேட்டார். தலைவர் மின்விசிறி வேலை செய்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து அதை ஈடுகட்ட நினைத்தாரோ என்னவோ, "டென்ஷனே இல்லாத ஆளும் எங்களிட்ட இருக்கார் மிஸ். நவாஸ், எழும்புங்க" என்றார். நவாஸ் எழும்பினார். எல்லோரும் கைதட்டினோம். நான்தான் கொஞ்சம் கூடுதலாகத் தட்டினேன். முன்மாதிரிச் சாரதி என்று ஒரு குடையைப் பரிசாகக் கொடுத்தார்கள். குடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அவர் அப்படியே நின்றார். இருக்கச் சொல்லும்வரை இருக்கவில்லை.

மிஸ் கைதட்டவில்லை. "இவர் எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"சீச்சீ, முந்தி இவர்ட வாய்க்கு மட்டும் தனி பஸ் விடவேணும்" என்றார் தலைவர். "இப்பதான் திருந்தினவர்."

மிஸ் எங்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்: "டென்ஷன் எண்டா கத்துறது மட்டும் எண்டு நினைக்காதீங்க. ஒரு ஆள் வழக்கத்துக்கு மாறினா, அது எந்தப் பக்கம் மாறினாலும், கொஞ்சம் கிட்டப் போய்க் கேளுங்க."

அந்த நேரம் பார்த்துப் புரியாணிப் பார்சல் வந்தது. மிஸ் சொன்னது புரியாணியோடு போட்டி போட்டுத் தோற்றது. என் பங்கில் முட்டை இல்லை என்று நானும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து, ஒரு வேலைநாள் முற்பகல், கூண்டில் என் போன் அடித்தது. நவாசின் பஸ்சில் நெடுநாளாக வேலை செய்கிற நடத்துனர் சமிந்த. சிலாபப் பக்கத்து ஆள். சிங்களமும் தமிழும் அவன் வாயில் ஒரே பையில் போட்ட சாமான் மாதிரி கலந்து வரும். அண்ணன் என்பதற்கு என்னை அய்யே என்பான், நவாசை நானா என்பான்.

"டைம் அய்யே, மட்ட உண. சரியான காய்ச்சல். எழும்ப ஏலாது."

"சரி, படு. வேற ஒருத்தனை ஏத்தி விடுறன்."

"அது இல்ல அய்யே." போனுக்குள்ளேயே இருமினான். பிறகு, "நவாஸ் நானாவை இண்டைக்கு அனுப்பவேணாம்" என்றான்.

ஏன் என்று கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான். சில மாதத்துக்கு முன்னர், பள்ளிக்கூடம் விடுகிற நேரம், மாம்புரி வளைவில் நின்ற வெங்காய லொறிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை குறுக்கே ஓடியிருக்கிறது. நவாஸ் பிரேக் மிதித்திருக்கிறார். பிள்ளையின் புத்தகப் பை பஸ்சின் முன்பக்கத்தில் உரசி நின்றிருக்கிறது. அவ்வளவுதான். பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடிப் போய்விட்டது. பஸ்சுக்குள் யாரோ ஒருவரின் முட்டை உடைந்ததற்குச் சமிந்த ஏச்சு வாங்கியிருக்கிறான். முதலாளி போன் எடுத்து, மாம்புரியில் புள்ளி ஏன் நின்றது என்று கேட்டிருக்கிறார். நவாஸ், "ஆடு ஒண்டு குறுக்க வந்தது" என்றாராம்.

ஒன்றும் நடக்கவில்லை. அதனால் அதைப் பற்றிக் கதைக்க ஒரு இடமும் இருக்கவில்லை. அடிபட்டிருந்தால் பொலிஸ் வந்திருக்கும், விசாரணை வந்திருக்கும், நாலு பேர் வந்து பக்கத்தில் இருந்திருப்பார்கள். அடிபடாததால் அவர் அடுத்த ஓட்டத்துக்குப் போனார்.

"இப்ப அவர் ரோட்டைப் பாக்கிறார் அய்யே, ஆனா காணுறது இல்ல" என்றான் சமிந்த. "நான் முன்னுக்கு நிண்டு, நானா சைக்கிள், நானா மாடு எண்டு சொல்லுறன். சொன்னாத்தான் பிரேக்குக்குக் கால் போகுது."

"ஏன்டா இவ்வளவு நாளாச் சொல்லல்ல?"

"சொன்னா அவருக்கு வேலை போகும். இப்ப சாரதிமார் எல்லாம் வெளிநாடு போயிட்டாங்க, அந்த பஸ்சை எடுக்க வேற ஆள் இல்ல. பிறகு எனக்கும் வேலை இல்ல. எனக்கு ரெண்டு பிள்ளை." பிறகு மெதுவாகச் சொன்னான், "இவ்வளவு நாளும் நான் நிண்டன் அய்யே. இண்டைக்கு நான் இல்லையே."

போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். நவாசின் பஸ் முறையில் முதலாவதாக நிற்கிறது. கதிரை எல்லாம் நிறைந்து ஆட்கள் தொங்கத் தொடங்கிவிட்டார்கள். மாற்று நடத்துனர் பின்வாசலில் நின்று "கற்பிட்டி, கற்பிட்டி" என்று கூவுகிறான். அந்த ஓட்டம் சரியாகப் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு மாம்புரிக்குப் போகிற ஓட்டம். அந்த வளைவில் எங்கு பார்த்தாலும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையாகத்தான் இருக்கும். நவாஸ் சுக்கானில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருக்கிறார். பார்க்கிறவருக்கு என்ன நிதானமான மனிதர் என்றுதான் தோன்றும்.

தம்பிமாரே, இந்த மாதிரி நேரத்தில் சரியான வழி எது என்று பிறகு எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்போது இருந்த வழிகளைச் சொல்கிறேன். முதலாளிக்குச் சொல்லலாம். அன்றோடு நவாசுக்கு வேலை போகும், சிலாபம் தொடங்கிப் புத்தளம் வரைக்கும் பயந்த சாரதி என்று பேர் வரும், வேறு ஒருவரும் பஸ் கொடுக்கமாட்டார். பொலிசுக்குச் சொல்லலாம், லைசன்ஸ் போகும். சங்கத்துக்குச் சொல்லலாம், அவர்கள் கூட்டம் வைத்து முடிக்கும்போது பஸ் மாம்புரியைத் தாண்டியிருக்கும். நேரே போய், "நவாஸ், உங்களுக்கு ஏலாது, இறங்குங்க" என்று சொல்லலாம். பஸ் நிறையச் சனம், சுற்றிவர மற்றச் சாரதிமார். எந்த ஆம்பிளை இறங்குவான்? எனக்கு ஏலும் என்று காட்டத்தான் வேகமாகப் போவான்.

என் கையில் இருந்தது விசில் ஒன்றுதான். ஊதினேன்.

"கற்பிட்டி, பின்னால நிக்கிற பஸ் முன்னுக்கு எடுங்க. நவாஸ், நீங்க கடைசிக்குப் போங்க."

பின்னால் நின்றது அந்தோணி. அவனுக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தால், அவன்தான் முதலில் கத்தினான். பள்ளிக்கூட ஓட்டம், அரை டிக்கெட்டுக் கூட்டம், அது ஏன் தன் தலையில் என்று. நவாசின் பஸ்சில் ஏறிக் கதிரை பிடித்திருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கவேண்டும். ஒரு பெரியவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "உமக்குப் பைத்தியமா பிடிச்சிட்டுது?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்கு மேல் அவரால் கேட்க முடியவில்லை.

நவாஸ் இறங்கிக் கூண்டுக்கு வந்தார். நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். அவரை உசுப்பேற்றி விடவேண்டும், ஒரு பெரிய சண்டை பிடிக்கவேண்டும், அந்தச் சண்டைச் சாட்டில் அவரை அன்றைக்கு ஓட்டத்திலிருந்து நிறுத்தவேண்டும். இரண்டு பேரின் சண்டை இந்த நிலையத்தில் ஒருவருக்கும் புதினமில்லை, வெட்கமும் இல்லை.

"பஸ் கழுவாம வந்திருக்கீங்க" என்றேன். பஸ் பளபளவென்று நின்றது. "கழுவாத பஸ்சுக்கு நான் டைம் தரமாட்டன்."

சுற்றி நின்றவர்கள் சிரிக்கத் தயாராகிவிட்டார்கள். நிலையத்திலேயே நல்ல சண்டை வரப்போகிறது என்று தேத்தண்ணிக் கடையிலிருந்தும் ஆட்கள் எழும்பி வந்தார்கள். பழைய நவாசாக இருந்தால் என் கூண்டைப் பிடுங்கிக் களப்புத் தண்ணீரில் போட்டிருப்பார்.

"சரி அண்ணே" என்றார் நவாஸ்.

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

முறை பறிபோன ஒரு சாரதி "சரி" என்று சொல்லி அந்த நிலையத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கூட்டத்தின் சத்தம் அப்படியே இறங்கியது. அந்தோணி கத்திக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். நவாஸ் தன் பஸ்சுக்குப் போகிறார், கதவைப் பிடிக்கிறார், ஏறாமல் நெற்றியை அதில் வைத்துக்கொள்கிறார். அதை எல்லோரும் கண்டோம். அந்தோணி என் முகத்தைப் பார்த்தான். "ஏறுங்க, ஏறுங்க, நேரம் போகுது" என்று நவாசின் பயணிகளைத் தன் பஸ்சில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டான்.

நான் கூண்டை விட்டு இறங்கி இரண்டு பிளேன்டீ வாங்கிக்கொண்டு போனேன். நவாஸ் பஸ்சின் படியில் இருந்தார். பக்கத்தில் இருந்தேன். அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளி. புள்ளி அசையவில்லை அல்லவா.

"சமிந்த போன் எடுத்தவன்" என்றேன்.

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் படியில் வைத்தார். "அந்தப் பிள்ளைட சப்பாத்து அண்ணே. வெள்ளைச் சப்பாத்து. கண்ணாடியில அதுதான் நிக்குது. அதுக்குப் பின்னால என்ன வருது எண்டு எனக்குத் தெரியிறதில்ல."

"வீட்டில சொன்னீங்களா?"

"என்னெண்டு சொல்ல? ஒண்டும் நடக்கல்ல எண்டா?" பஸ்சின் திறப்புச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "இதை நீங்களே வச்சிருங்க. என்னிட்ட இருந்தா நான் பஸ்சை எடுத்திருவன்."

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதுதான் பெரிது. சங்கம் தருகிற குடைகளை விட.

பிறகு நடந்ததையும் கேளுங்கள், அது இன்னும் அழகு. நவாஸ் முதலாளியிடம் காய்ச்சல் என்று சொன்னார். எங்கள் ஊரில் காய்ச்சல் என்றால் லீவு உண்டு, பயம் என்றால் வேலையே இல்லை. மாற்றுச் சாரதி கிடைக்காததால் முதலாளியே வந்து பஸ்சை ஓட்டினார். அவரிடமும் லைசன்ஸ் இருந்தது. இப்போது புள்ளியைப் பார்த்தது சிலாபத்தில் இருந்த அவருடைய மனுசி. "ஏன் நொரச்சோலையில நிக்கிறீங்க? யாரோட கதைக்கிறீங்க?" என்று ஒரு ஓட்டத்துக்குள் எத்தனை அழைப்பு. ஒரு கிழமை தாங்கினார். பிறகு அந்த ட்ராக்கரை அவரே கழற்றிவிட்டார். பழுதாகிவிட்டது என்று எங்களுக்குச் சொன்னார். நாங்களும் அனுதாபப்பட்டோம்.

என்மேல் விசாரணை வந்தது. முறையை மாற்றியது பெரிய குற்றம், அதில் பிழை சொல்ல மாட்டேன். தலைவர் காரணம் கேட்டார். உள்ளதைச் சொன்னால் நவாசின் வேலை போகும். வேறு காரணம் என்னிடம் இல்லை. "எனக்கு டென்ஷன் ஐயா" என்றேன். "தலை சுத்தி, எந்த பஸ் எது எண்டு தெரியல்ல."

தலைவருக்கு முகம் மலர்ந்தது. வகுப்பு வைத்த சங்கம் அல்லவா, பயன்படுத்த ஒரு நோயாளி கிடைத்துவிட்டான். இரண்டு கிழமை லீவும், மிஸ்சைப் போய்ப் பார்க்கச் சொல்லி ஒரு துண்டுக் கடிதமும் தந்தார். கூட்டத்தைப் பார்த்து, "மறைக்காமச் சொன்னாரே, அதுதான் தைரியம்" என்றும் சொன்னார்.

நான் நவாசையும் கூட்டிக்கொண்டு போனேன். மிஸ் துண்டை வாசித்துவிட்டு, "உங்களுக்குத்தானே?" என்றார்.

"பேர் என்ட பேர்தான் மிஸ். ஆனா ஆள் இவர்."

நவாஸ் வாசலில் நின்றபடி, "இல்ல மிஸ், இவருக்குத்தான் டென்ஷன் கூட. கழுவின பஸ்சைக் கழுவல்ல எண்டவர். நான் பொறுத்திருக்கிறன், இவரை முதல்ல பாருங்க" என்றார்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் என்னை நக்கலடித்தது அன்றுதான். மிஸ் சிரிக்கவில்லை. இரண்டு கதிரையைக் காட்டி, இருவரையும் இருக்கச் சொன்னார். நவாசோடு மிஸ் தனியே பல நாள் கதைத்தார். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. என்னிடமும் சிலதைக் கேட்டார். கூண்டுக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன், என் கதை முடியவில்லை என்று இன்னொரு நாளும் வரச் சொன்னார்.

மிஸ் ஓம் என்று சொன்ன பிறகுதான் நவாஸ் திரும்ப பஸ் எடுத்தார். முதலில் சமிந்தவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆளில்லாத பஸ்சை வெறுமனே ஓட்டிப் பார்த்தார். பிறகு காலை ஓட்டம். மத்தியான ஓட்டத்தை அந்தோணி எடுத்தான். அதற்கு ஒரு கூட்டமும் வைக்கவில்லை, யாரும் அவனைக் கேட்கவும் இல்லை. காரணம் கேட்டால், "எனக்குச் சின்னப் பிள்ளைகள்ட சத்தம் விருப்பம்" என்பான். சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைகளை ஏசுவான்.

நீங்கள் கேட்கலாம், நான் செய்தது சரியா என்று. தெரியாது. வகுப்பு முடிந்த கையோடு கிட்டப் போய்க் கேட்டிருந்தால் விசில் ஊதவே தேவையில்லை என்று மிஸ் ஒருநாள் சொன்னார். அது சரிதான். உங்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் அதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்களை ஏசுகிறவர்களை விடுங்கள், அவர்கள் தப்பிவிடுவார்கள். ஏசாமல் போகிறவர் பஸ்சை எடுக்க முன்னர் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள். தேத்தண்ணிக்கு ஆகிற நேரத்தை என் பேரில் எழுதுங்கள்.

போன மாதம் நான் கற்பிட்டிக்கு ஒரு அலுவலாகக் காலையில் நவாசின் பஸ்சில் போனேன். மாம்புரி வளைவில் வேகத்தைக் குறைத்தார். குறைத்தார் என்றால், பக்கத்தில் போன சைக்கிள் எங்களை முந்தியது. அங்கே ஏறிய பெண்பிள்ளை, வெள்ளைச் சப்பாத்து, புத்தகப் பை, முன்பக்கம் வந்து நின்றது. சமிந்த என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அந்தப் பிள்ளைதான், இப்போது கற்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. அதற்கு ஒன்றும் தெரியாது.

"அங்கிள், உங்கட பஸ் ஒவ்வொரு நாளும் லேட்" என்றது. "டீச்சர் ஏசுறா. நாளைக்கு மற்ற பஸ்சில போகப்போறன்."

"போங்க மகள், போங்க" என்றார் நவாஸ், கண்ணைப் பாதையில் வைத்துக்கொண்டே. "அந்தப் பஸ்சுக்கு ஓடிப் போகாம, பாத்து நடந்து போங்க."